பின்கம்பின் கயிறு

பந்தயக் கொடி இன்னும் விழவில்லை, அதற்குள் அவள் என் முதுகைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குத் தெரியும். கான்வென்டில் பத்து வருஷம் ஹெர்மினாவுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு ஹெர்மினா பார்ப்பது தெரியாதா, அப்போது என் ரெட்டைப் பின்னலின் கோணலைப் பார்த்தாள், இப்போது என் தோளைப் பார்க்கிறாள், எப்போது தளரும் என்று. ஆறு பேர் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக உட்காரும் படகு இது. முன்னால் இருப்பவளின் முதுகு தெரியும், பின்னால் இருப்பவளின் மூச்சு கேட்கும், அவ்வளவுதான், இந்த மாதிரி ஒரு படகைக் கண்டுபிடித்தவன் ஒருத்தியை ஒருத்தி நம்பும் ஊரில் பிறந்திருக்க வேண்டும், தூத்துக்குடியில் இல்லை. என் கண்ணுக்கு விண்ணரசியின் முதுகு, அதில் வியர்வை இப்போதே ஒரு தீவு மாதிரி. அதற்கு முன்னால் மூன்று தொப்பிகள். பின்னால் ஆறாவது இருக்கையில் ஹெர்மினா, சுக்கான் பிடிப்பவளும் அவள்தான், எங்கள் கேப்டனும் அவள்தான், யார் படகில் யார் கரையில் என்று சொல்பவளும் அவள்தான், பல் டாக்டர் என்று ஊரில் பாதிப் பேரின் பல்லைப் பிடுங்கியவளும் அவள்தான். இடது பக்கம், இரண்டு குறுக்குக் கம்புகளின் முனையில், படகோடு ஒட்டிக்கொண்டு மிதந்து வருகிற நீளமான கட்டையை நாங்கள் குட்டி என்போம், எங்களுக்குப் பயிற்சி தரும் மாஸ்டர் மட்டும் அவுட்ரிக்கர் என்பார். குட்டி தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருந்தால் படகு நிமிர்ந்திருக்கும். தூக்கிக்கொண்டால் ஆறு பேரும் குடத்தைக் கவிழ்த்த மாதிரி கடலுக்குள். ஒலிபெருக்கிக்காரன், கரையோர மாவட்டங்களின் விளையாட்டு விழாவில் அடுத்ததாக நாற்பது வயதைக் கடந்த தாய்மார்கள் என்கிறான். யாருக்கு யார் தாய்? மணலில் கபடிக்கு மேளம் அடிக்கிறார்கள், அதன் நடுவில் அவுக, என் வீட்டுக்காரர், மக்ரூன் பொட்டலத்தோடு நிற்பது தெரிகிறது, எனக்கென்று வாங்கியது, நான் கரையேறும்போது அதில் தூள்தான் இருக்கும். அவருக்குப் பக்கத்தில் ஷெரின். டிராக் சூட்டைக் கழற்றவே இல்லை அவள். மாற்றாக வந்த ஏழாவது ஆளுக்கு எதற்கு இந்த வெயிலில் டிராக் சூட், தலைமுடியைக்கூட இறுக்கிக் கொண்டை போட்டிருக்கிறாள், யாரோ எதையோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

விழுந்துவிட்டது கொடி. குத்து, இழு, குத்து, இழு, முதல் இழுப்பு எப்போதும் சிமென்டுக்குள் கரண்டியைப் போட்ட மாதிரி, அப்புறம் படகு மெல்ல மனசு இரங்கி நகரும், நகர்ந்ததும் ஓடும். வலது பக்கம் நான், இடது பக்கம் விண்ணரசி, "ஏ... மாத்து!" என்று அவள் கத்தினால் துடுப்பைப் பக்கம் மாற்றவேண்டும், கத்துவது மட்டும் அவள் வேலையில் சுத்தம், இழுக்கிறாளா என்பது வேறு கதை, துடுப்பைத் தண்ணீருக்குள் விடுகிறாள், எடுக்கிறாள், ரசத்தைக் கலக்கிற மாதிரி. நான் எதையும் திருப்பிப் பார்க்காமல் வாங்கியவள் இல்லை. மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், பெட்ரோல் பங்கில் பூஜ்யத்தைப் பார்ப்பேன், கேஸ் சிலிண்டரை எடை போடச் சொல்லி வாசலில் நிறுத்துவேன், அந்தப் பையன் என்னைக் கண்டாலே தராசைத்தான் முதலில் இறக்குவான். இதெல்லாம் தையல் வகுப்பில் சிஸ்டர் பெர்னடின் கற்றுத் தந்தது. பூ வேலையை முன்பக்கம் பார்க்கவே மாட்டார், திருப்பு என்பார், பின்பக்கத்தில் நூல் ஓடியிருக்கிற லட்சணத்தைப் பார்த்துவிட்டுத்தான் மார்க். என் பின்பக்கம் கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஹெர்மினாவின் கைக்குட்டைக்கு எது முன், எது பின் என்றே தெரியாது, அதுவே எனக்கு அன்றைக்கும் சந்தேகம், எந்த ஒரு பிள்ளைக்கும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குமா. மாத்து! மாத்தினேன், மாத்தினேன், காதில் கத்தாதே. இப்போது இடது பக்கம், குட்டி என் கண்ணுக்கு நேராக, தண்ணீரைச் சீவிக்கொண்டு வருகிறது. பின்கம்பு என் முழங்காலுக்கு முன்னால்தான் படகில் கட்டியிருக்கிறது. கயிறு இறுக்கமாக இருக்கிறது. இருக்கும். கட்டியவள் நான்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார்கள் என்று தெரியும், கொன்சீத்தாவுக்கு எல்லாமே சந்தேகம் என்பார்கள். இருக்கட்டும். காலையில் வெளிச்சம் வந்தும் வராமலும் நான் கரைக்கு வந்தபோது படகுகள் மணலில் வரிசையாகக் கிடந்தன, எங்கள் படகின் மேல் ஒருத்தி குனிந்திருந்தாள், ஹெர்மினா. ஒவ்வொரு குழுவும் தன் குட்டியைத் தானே கட்டிக்கொள்ளவேண்டும், அதுதான் இந்த ஆட்டத்தின் வழக்கம், எங்கள் குட்டியைக் கட்டுவது எப்போதும் அவள்தான், அதில் தப்பில்லை. ஆனால் கையில் பாட்டில். தண்ணீர் பாட்டில், லேபிள் உரித்தது. அதைச் சாய்த்துக் கயிற்றின் மேல் ஊற்றினாள், ஊற்றிப் பிழிந்தாள், மறுபடி ஊற்றினாள். முன்கம்புக்கு ஊற்றியதைப் பார்க்கவில்லை, நான் பார்த்தது பின்கம்புக்கு, என் இருக்கைக்கு முன்னால் இருப்பதற்கு. ஈரக் கயிறு வழுக்காதா? ஈரக் கையால் முடிச்சுப் போட்டால் நிற்குமா? குட்டி என் பக்கம் கழன்றால் பழி யாருக்கு, குட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் ஐந்தாவது இருக்கைக்காரி, அஞ்சாவது ஆள் தூங்கிட்டா என்று முடித்துவிடுவார்கள், நாளைக்கு ஃபைனலில் என் இடத்தில் ஷெரின். ஷெரின் யார், ஹெர்மினாவின் தம்பி பெண்டாட்டி. இதற்கு மேல் எனக்கு யார் விளக்கம் சொல்லவேண்டும். அவள் டீ குடிக்கப் போனதும் நான் அவிழ்த்தேன். ஈரமாக, குளிர்ந்து, பாம்பு மாதிரி கையில் சுற்றியது. பையில் புதுக் கயிறு வைத்திருந்தேன், நீல நைலான், நல்ல காய்ந்த கயிறு, காலை வைத்து மிதித்து இழுத்துக் கட்டினேன், விரல் சிவந்துபோச்சு. படகுகளைச் சோதிக்க வந்த ஆள் ஒரு தட்டு தட்டினான், ம் என்றான், போனான். பழைய கயிறு இப்போது என் பைக்குள், அவுகளிடம்தான் பை, திறந்து பார்த்தாலும் அவுகளுக்கு அது துணி காயப்போடுகிற கயிறு என்றுதான் தெரியும்.

மஞ்சள் மிதவை வந்துவிட்டது. போய், சுற்றி, வந்து, சுற்றி, மறுபடி போய், மறுபடி வரவேண்டும், மொத்தம் மூன்று திருப்பம், மூன்றும் இடது பக்கம். "இழுங்கட்டி!" என்று பின்னாலிருந்து அவள் குரல். படகு மூக்கைத் திருப்புகிறது, குட்டி மிதவையை உரசுகிற மாதிரி போகிறது, நான் இடது பக்கம் சாய்ந்து கம்பின் மேல் ஒரு கையை ஊன்றுகிறேன், இதுதான் என் வேலை, குட்டி மேலே எழும்பாமல் அமுக்கிப் பிடிப்பது. சரி, திரும்பியாச்சு. கன்னியாகுமரிக்காரிகள் முன்னால் போய்விட்டார்கள், அவர்களைப் பிடிக்க முடியாது, பாதிப் பேர் நீச்சல் டீச்சர்கள். நமக்கும் நாகப்பட்டினத்துக்கும்தான் சண்டை, முதல் இரண்டு படகுக்குத்தான் நாளை இடம். கரை இப்போது எதிரே, பனிமய மாதா கோவில் கோபுரம், அதற்கு அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்துப் புகை. போன வாரம் வரை நான் மூன்றாவது இருக்கை. "நீ பின்னால வா கொன்சி, எனக்கு முன்னால இரி" என்றாள், ஏன் என்று கேட்டேன், "இரியேன்" என்றாள், பல்லைப் பிடுங்குகிறவர்கள் ஏன் என்று சொல்லவே மாட்டார்கள், வாயைத் திற என்பார்கள். மூன்றாவது என்றால் நடு, நடுவில் பலசாலிகள். அங்கிருந்து பின்னால் தள்ளினால் என்ன அர்த்தம். அதோடு வாசலுக்குப் பக்கம் உட்காரவைத்தவர்களை எழுப்புவது சுலபம். அவுகளிடம் சொன்னேன், "உனக்கு அந்தம்மா மேல ஏன் இவ்வளவு காண்டு, பல்லு வலிக்கா" என்று சிரித்தார். அவர் போன மாதம் ஹெர்மினாவிடம் போய்க் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டு வந்தார், பாதிப் பணம்தான் வாங்கினாளாம், ஏன் பாதி? மாத்து! வலது பக்கம். இங்கிருந்து குட்டி தெரியாது, கழுத்தைத் திருப்பினால்தான் தெரியும், நான் திருப்புவேன், எட்டிப் பார்ப்பேன், யார் என்ன சொன்னாலும். அப்படியே வருகிறது. கயிறும் அப்படியே. இல்லை. அப்படியேதானா? நீலம் கொஞ்சம் கறுத்திருக்கிறது, நனைந்தால் கறுக்கும், அதில் என்ன.

சிவப்பு மிதவை. இரண்டாவது திருப்பம். சாய்ந்தேன், கம்பில் கையை ஊன்றினேன், கம்பு அசைந்தது. அசையக் கூடாது. கம்பும் படகும் ஒரே உடம்பு மாதிரி இருக்கவேண்டும், இது ஆடுகிற பல் மாதிரி ஒரு நகர்வு, மயிரிழைதான், ஆனால் என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. படகு திரும்பிவிட்டது, யாரும் எதையும் பார்க்கவில்லை, விண்ணரசி மாத்து என்கிறாள், நான் கயிற்றைப் பார்க்கிறேன். மேல்சுற்று கீழ்ச்சுற்றை விட்டுத் தள்ளி நிற்கிறது. அதற்குள் ஒரு விரல் போகும் போலிருக்கிறது. முடிச்சு அவிழவில்லை, முடிச்சு நான் போட்ட மாதிரியே கல்லாக இருக்கிறது, கயிறுதான் நீண்டுபோயிருக்கிறது. கயிறு எப்படி நீளும்? நீளும். நீளும்டி முண்டம். மொட்டை மாடியில் ஒவ்வொரு ஐப்பசியும் என் துணிக்கொடி தொய்யும், வெயிலில் வீணை நரம்பு மாதிரி கட்டியிருப்பேன், ஒரு மழை பெய்தால் போதும், பெட்ஷீட் தரையில் புரளும், மேல்வீட்டு மரகதம் அக்காதான் பொறாமையில் இறக்கிவிடுகிறாள் என்று மூன்று மழைக்காலம் அவளோடு பேசவில்லை நான், ஒரு தடவை மாடிச் சாவியையே ஒளித்து வைத்தேன், சாவி என்னிடம் இருந்தபோதும் தொய்ந்தது, டூப்ளிகேட் செய்துவிட்டாள் என்று நினைத்தேன். அதே நீல நைலான். காய்ந்தால் இறுகும், நனைந்தால் இளகும். அதனால்தான் அவள் ஊற்றினாள். இளகவேண்டியது எல்லாம் முதலிலேயே இளகட்டும் என்று ஊற்றி, பிழிந்து, இழுத்துக் கட்டினாள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கட்டினாள். நான் அதை அவிழ்த்தேன். இப்போது ஆறு பொம்பளைகளும் ஒரு துணிக்கொடியில் தொங்கிக்கொண்டு நடுக்கடலுக்குப் போகிறோம்.

சொல்லிவிடலாமா? சொன்னால் படகை நிறுத்துவாள், நிறுத்தினால் நாகப்பட்டினம் போய்விடும், யார் கட்டினது என்று கேட்பாள், அவளுக்குத் தெரியாதா, அவள் கயிறு வெள்ளை, இது நீலம், பின்னால் இருந்து பார்த்தாலே தெரியும். இல்லை, என் முதுகு மறைக்கிறது, இவ்வளவு அகல முதுகு ஒரு தடவையாவது உதவட்டும். சொல்லாவிட்டால்? முதல் இருக்கையில் உட்கார்ந்திருக்கிற டெல்பினுக்கு நீச்சல் சுமார்தான், லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, இருந்தாலும் தலைகீழான படகுக்கு அடியில் ஜாக்கெட் எந்தப் பக்கம் தூக்கும். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறுவது இப்போதே தெரிகிறது. சுற்று இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் கம்பு லேசாக ஏறி இறங்குகிறது, குட்டி ஒரு தடவை தண்ணீரை விட்டு எழும்பி, தட் என்று விழுந்தது, விண்ணரசியின் கழுத்து திரும்பப் போனது, திரும்பவில்லை. மாத்து! நான் மாத்தவில்லை. துடுப்பைப் படகுக்குள் போட்டேன். இடது காலைத் தூக்கிக் கம்பின் மேல் போட்டேன், தொங்குகிற சுற்றைக் கையில் இரண்டு மடிப்பாகச் சுற்றிக்கொண்டேன், பின்னால் சாய்ந்து இழுத்தேன், உடம்பு முழுவதும் கம்பின் மேல், மார்க்கெட்டில் ஆட்டுக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் மாதிரி. கம்பு அடங்கியது.

"ஏட்டி கொன்சி! என்னட்டி செய்யுத? இழுட்டி!"

இதற்குத்தான் காத்திருந்தாயா, சொல், எல்லாருக்கும் கேட்கச் சொல், கொன்சி இழுக்கவில்லை என்று சொல். "இழுக்க மாட்டேன்" என்றேன்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு? நாகப்பட்டினம் வாராளுவ!"

"கயிறு தொய்யுது ஹெர்மினா. பின்கம்பு. விட்டா குட்டி போயிரும்."

அவள் எட்டிப் பார்த்தது எனக்குப் படகின் சாய்வில் தெரிந்தது. பார்த்தாள். நீலத்தைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, பல் டாக்டரின் அந்தக் குரலில், வலிக்குமா என்று கேட்டால் கொஞ்சம் என்று சொல்கிற குரலில், "இது நான் கட்டினது இல்லையே" என்றாள்.

இன்னொரு மடிப்பு சுற்றி இழுத்தேன். கயிறு உள்ளங்கையை அறுக்கிறது.

"பிடிச்சுக்க. விட்டுராத" என்றாள். பிறகு சத்தமாக, "கொன்சி பிடிச்சிருக்கா, அவ இழுக்க மாட்டா, அவளுக்கும் சேத்து அஞ்சு பேரும் இழுங்க! ஏன்னு கேக்காதீங்க!" சுக்கானுக்குப் பிடித்த துடுப்பாலேயே அவளும் இழுக்க ஆரம்பித்தாள், நேராகப் போகிற இடத்தில் இழுப்பாள், கோணினால் பிடிப்பாள், மறுபடி இழுப்பாள், அவள் மூச்சு என் கழுத்தில் வந்து இடித்தது, ஐம்பது வயது மூச்சு, அதில் காலையில் குடித்த டீயின் இஞ்சி. மூன்றாவது திருப்பம். நான் கண்ணை மூடிக்கொண்டு கம்போடு கம்பாகப் படுத்துவிட்டேன், மாதாவே என்று சொல்ல வாயெடுத்து, கயிற்றை அவிழ்த்தவளுக்கு மாதா எதற்கு வருவாள் என்று விட்டுவிட்டேன். குட்டி எழும்பியது, என் கணக்கில் ஒரு வருஷம் காற்றில் நின்றது, நான் மேலே ஏறி உட்கார்ந்த மாதிரி அமுக்கினேன், விழுந்தது. விண்ணரசியைப் பார்த்தேன். இழுக்கிறாள். முதுகுத் தீவு முழு உடம்பாகிவிட்டது, ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம், பிரசவ வார்டில் கேட்கிற சத்தம். எப்போதிலிருந்து இப்படி இழுக்கிறாள், முதலிலிருந்தேயா? சும்மா இருப்பவள் நான் ஒருத்திதான் இப்போது. கரை முழுக்கத் தலைகள், எல்லாத் தலைகளும் என்னைத்தான் பார்க்கிற மாதிரி, அதோ துடுப்பில்லாமல் ஒருத்தி என்று ஒலிபெருக்கிக்காரன் சொல்லாமல் இருந்தால் சரி. நாகப்பட்டினத்தின் மூக்கு எங்கள் நான்காவது இருக்கைக்கு நேராக, மூன்றாவதுக்கு நேராக, இழுங்கட்டி இழுங்கட்டி, ஊதல், தண்ணீர், யாரோ கத்துகிறார்கள், முடிந்தது.

அவர்கள் மூக்கு எங்கள் டெல்பினுக்கு நேராக நின்றுவிட்டதாம். நாங்கள் இரண்டாவது.

மணலில் இறங்கியதும் கை திறக்கவில்லை, விரல்கள் கயிறு பிடித்த வடிவத்திலேயே. மாஸ்டர் ஓடி வந்தார், நேரே பின்கம்புக்குப் போனார், தொய்ந்த சுற்றுக்குள் கையை விட்டு ஆட்டினார், முகம் சிவந்துபோச்சு. "யார் கட்டினது இத?" ஷெரின் பக்கத்தில் வந்து நின்றாள், விண்ணரசி குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள், இதோ, வந்துவிட்டது, ஹெர்மினா வாயைத் திறக்கப் போகிறாள், பத்து வருஷம் பின் பெஞ்சில் உட்கார்ந்து சேர்த்ததை எல்லாம் இப்போது கொட்டப் போகிறாள்.

"நான்தான் மாஸ்டர்" என்றாள். "புதுக் கயிறு மாத்தினேன், ஊற வைக்க மறந்துட்டேன்."

"நீங்களா? நீங்களா டாக்டர்?"

"வயசாகுதுல்ல."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். நான் அவளைத் தனியாகப் பிடித்தேன், படகின் மறுபக்கம். "ஏன் சொன்னே?" என்றேன். நன்றி என்று சொல்லத்தான் போனேன், வாயில் இதுதான் வந்தது.

"இப்ப நெசத்தைச் சொன்னா அஞ்சு பேரும் சேந்து உன்னைத் தின்னுருவாளுவ. நாளைக்கு ஃபைனல் இருக்கு. அதுக்கப்புறம் தின்னட்டும்." தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தாள். "ஏட்டி, ஏன் அவுத்தே?"

"ஈரம் வழுக்கும்னு நினைச்சேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ம்" என்றாள், சோதிக்க வந்த ஆள் மாதிரியே. நம்பவில்லை. எப்படி நம்புவாள், அவளும் அதே சிஸ்டரிடம் படித்தவள்தானே.

"நாளைக்கு ஷெரினா?" கேட்டுவிட்டேன். கேட்காமல் இரவெல்லாம் யார் புரள்வது.

"ஷெரினுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இழுப்பா. ஆனா அவ கரையைப் பாத்துக்கிட்டே வருவா, யார் போட்டோ எடுக்காங்கன்னு. நீ குட்டியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்ட. போன வாரம் எதுக்கு உன்னைப் பின்னால கூப்பிட்டேன்னு நினைச்சே?" என்னவெல்லாம் நினைத்தேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் வேண்டும். அவள் குனிந்து தன் பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தாள், லேபிள் உரித்தது, பாதி நிறைந்திருந்தது, என் திறக்காத கைக்குள் திணித்தாள். "காலையில சீக்கிரம் வா. என் கயிறு எங்கே வச்சிருக்கியோ, எடுத்துட்டு வா. நீ ஊத்து, நான் கட்டுதேன்." போய்விட்டாள், தோளை ஆட்டிக்கொண்டு, அந்தத் தோளும் வலிக்கத்தான் செய்யும், அவளும் எனக்காக இழுத்திருக்கிறாளே.

அவுக வந்தார், மக்ரூன் பொட்டலத்தை நீட்டினார், தூள்தான். "ஜெயிச்சுட்டீங்களே" என்றார், "நீ ஏன் பாதியில துடுப்பைப் போட்டுட்டே, தூக்கமா?" என் பையை அவர் தோளிலிருந்து வாங்கிக்கொண்டு நடந்தேன். எதற்காகப் பழியை அவள் எடுத்துக்கொண்டாள்? ஒரு பொம்பளை சும்மா எடுத்துக்கொள்வாளா? நாளைக்கு இதை வைத்து என்ன கேட்பாள், பாதிப் பணத்துக்கு அவுகளுக்குப் பல் அடைத்ததற்கும் இதற்கும் என்ன? மரகதம் அக்காவிடம் வேறு போய்ப் பேசியாகவேண்டும், மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு எங்கே ஆரம்பிப்பது, துணிக்கொடியிலிருந்தா? அவுக இரண்டு அடி முன்னால் போனதும் நின்று, மூடியைத் திருகி, பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனேன். கடல் தண்ணீர்தான். நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், உப்பு. திருப்பிப் பாட்டிலின் அடியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மூடியை இறுக்கி, நாளைக்கென்று பைக்குள் வைத்தேன்.